ஸ்பேனரைக் கீழே வை

லாரிப் பட்டறையில் சேரும் பையன் கையில் முதல் ஆறு மாதத்துக்கு யாரும் ஸ்பேனரைக் கொடுக்க மாட்டார்கள். தகர டிரேயில் டீசலை ஊற்றி, கழற்றிப் போட்ட சாமான்களைப் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கழற்றிய வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். 1988-இல் நாமக்கல்லில் ஒரு பட்டறையில் நானும் அப்படித்தான் சேர்ந்தேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் சோறே டீசலாக மணக்கும். சோப்புக்கு அது மசியாது. தேங்காய் எண்ணெயில் சர்க்கரையைக் குழைத்துத் தேய்த்தால் பாதி போகும். மீதி இன்றுவரை போகவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பட்டறையின் பெரிய மெக்கானிக்கை எல்லோரும் ‘அண்ணா’ என்போம். லாரி முதலாளிகளும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வண்டி உள்ளே வந்ததும் அவர் இன்ஜின் பக்கம் போக மாட்டார். டிரைவரைப் பெஞ்சில் உட்கார வைத்து டீ சொல்வார்.

“எப்ப இருந்துங்க இப்படி?”

“ஏத்தத்துல மட்டுமா, சமத்துலயும் இழுக்க மாட்டேங்குதா?”

“கடைசியா டீசல் எந்த ஊர்ல போட்டீங்க?”

“இதுக்கு முன்னாடி யாரு கை வெச்சாங்க?”

நாலாவது கேள்விக்கு வரும் பதிலைத்தான் அவர் கூர்ந்து கேட்பார். அதற்குள் எங்களுக்குக் கை அரிக்கும். கழுவுகிற வேலையிலிருந்து கழற்றுகிற வேலைக்கு அப்போதுதான் ஏறியிருப்போம். பெஞ்சில் பேச்சு முடிவதற்குள் எவனாவது போய் ஒரு நட்டில் ஸ்பேனரைப் போட்டுவிடுவான். அண்ணா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “டேய், ஸ்பேனரைக் கீழ வைடா” என்று குரல் மட்டும் வரும்.

அது அதட்டலுக்காகச் சொன்ன சொல் அல்ல என்று புரிய எனக்கு நாலைந்து வருடம் பிடித்தது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினேழு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது தானாகவே கடுமையாகச் சூடேறும். அதில் டீசலைப் பூந்தூறலாகப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். அந்தத் தூறலுக்குப் பம்பும் நாஸிலும் பொறுப்பு. பம்புக்குள் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. லாரி போகிற ஒவ்வொரு தடவையும் புழுதி எழும்பும் பட்டறையில், புளியமரத்தடியில் அதைப் பிரித்தால் என்ன ஆகும்? பிரித்ததே அதற்கு ஒரு நோய். கெட்டுப்போய் வந்த பம்புகளைவிட, நன்றாக இருந்ததை யாரோ சந்தேகத்தில் பிரித்துக் கெடுத்துக் கொண்டுவந்த பம்புகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அப்போது எங்களிடம் வந்தவை பெரும்பாலும் 697, 497 இன்ஜின் வண்டிகளும் ஹினோ இன்ஜின் லேலண்ட் வண்டிகளும். 697 என்றால் 6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர். 407 வண்டியில் இருந்த 497-க்கு 4 சிலிண்டர், அதே போர். இன்ஜின் பெயரிலேயே அளவு இருந்த காலம் அது. பம்பை இன்றுவரை ‘மைக்கோ பம்ப்’ என்றுதான் சொல்கிறோம். பெங்களூரில் இருந்த அந்தக் கம்பெனி 2008-லேயே போஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. பட்டறைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணாவோடு தொப்பூர் போன ராத்திரியைச் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து தருமபுரிக்கு ஏறும் லோடு வண்டி, கணவாயில் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. ஹாண்ட் பம்பை அடித்து ஏர் எடுத்தால் ஸ்டார்ட் ஆகும். அரை மைல் ஏறும், மறுபடி நிற்கும். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவர் ஃபீட் பம்பை மாற்றியிருந்தார். இன்னொருவர் பெரிய பம்பையே கழற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதற்கு முன்பணமும் கேட்டிருந்தார். நாங்கள் டூல்ஸ் பையோடு பஸ்ஸில் போய் இறங்கும்போது மணி பதினொன்று. கிளீனர் பையன் டயருக்குக் கல் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அண்ணா வழக்கம்போல டிரைவரிடம் பேசினார். பிறகு பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தார். கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப். டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் லைனில் ஒரு முழ நீளத்துக்கு அதை மாட்டி, டார்ச் அடிக்கச் சொன்னார். இன்ஜின் ஓட ஓட, டீசலுக்குள் கடுகு கடுகாகக் குமிழி போவது தெரிந்தது. எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது. பம்புக்கு அப்புறம் லீக் என்றால் டீசல் வெளியே சொட்டும், துடைத்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பம்புக்கு முன்னால் லீக் என்றால் வெளியே சொட்டு இருக்காது. உள்ளே இழுக்கிற இடம் அல்லவா, டீசல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். எல்லோரும் ஏமாறும் இடம் அதுதான்.

குற்றவாளி ஒரு காப்பர் வாஷர். டேங்க் பக்கத்து போல்ட்டில் இருந்தது. முன்பு கழற்றியவர் பழையதையே திரும்பப் போட்டு முறுக்கியிருக்கிறார். செம்பு ஒருமுறை நசுங்கினால் இறுகிவிடும், மறுபடி படிந்து உட்காராது. அந்த நேரத்தில் புது வாஷருக்கு எங்கே போவது? சாலையோர டீக்கடை அடுப்பில் இடுக்கியால் பிடித்துச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். செம்பு அப்படிச் செய்தால் இளகிவிடும். இரும்பைப் போல இறுகாது. டீக்கடைக்காரர், “பாலு வைக்கிற அடுப்புங்க இது” என்று முனகிக்கொண்டே நின்றார். வாஷரைப் போட்டு, பிளீடிங் ஸ்குரூவைத் திறந்து ஹாண்ட் பம்பை அடித்தேன். முதலில் நுரை வந்தது. பிறகு பொரிபொரியாக வந்தது. கடைசியில் நூல் பிடித்தது போல் தெளிந்த டீசல் வந்தது. வண்டி விடிவதற்குள் தருமபுரி தாண்டிவிட்டது. வேலைக்கான கூலியாக அண்ணா வாங்கியது, பஸ் செலவு போக, சொற்பம். பம்பைப் பிரித்திருந்தால் நல்ல காசு பார்த்திருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது உண்மை.

அந்த டிரைவர் அண்ணாவிடம் சொன்ன ஒரு விஷயம்தான் டியூபை எடுக்க வைத்தது. “நிக்கறதுக்கு முன்னாடி சத்தம் மெலிஞ்சு போகுதுங்க, மூச்சு வாங்கற மாதிரி” என்றார் அவர். அந்தக் காலத்து லாரியில் டிரைவருக்கு அந்தக் காது இருந்தது. கம்பெனியிலிருந்து சேசிஸ்தான் வரும். மரத்தையும் தகரத்தையும் அடித்து கேபின் கட்டுவது நாமக்கல் பாடி பில்டர் வேலை. இன்ஜின் பாதி கேபினுக்குள்ளேயே, டிரைவர் தொடைக்குப் பக்கத்தில் இருக்கும். மூடியின்மேல் துண்டை மடித்துப் போட்டுத்தான் கை வைக்க முடியும். டேப்பட் சத்தம், நாஸில் அடைப்பு, பேரிங் போகப்போகிற தட்டல் எல்லாம் அவர் உடம்பிலேயே விழும். நாக்பூர் போய்த் திரும்புவதற்குள் இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரிவது எனக்குத் தெரியாது. இப்போது கேபின் தனி, இன்ஜின் கீழே. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்றும் வந்துவிட்டது. டிரைவர்கள் அந்த வெக்கையில் வெந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் என் சாட்சி போய்விட்டது.

இன்னொரு சாட்சி புகை. கருப்பாகத் தள்ளினால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கைப் பார். காலையில் வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார். வைத்தியர் நாடி பார்ப்பது போல நாங்கள் சைலன்ஸரைப் பார்ப்போம். அந்த நாடியும் போய்விட்டது. போனது நல்லதுதான், அதையும் சொல்ல வேண்டும். முப்பது வருடம் அந்தப் புகையை மூக்கில் வாங்கியவர்களின் இருமல் எங்கள் தெருவில் இன்னும் கேட்கிறது.

புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்-4 நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். மூன்றே வருடத்தில், 2020 ஏப்ரலில், பிஎஸ்-6. நடுவில் 5 என்று ஒன்று வரவே இல்லை. பிஎஸ்-3 காலத்தில் பத்து லட்சத்தில் 350 பங்கு கந்தகம் இருக்கலாம் என்றிருந்த டீசல், 50 ஆகி, 10 ஆனது. பெட்ரோல் பங்கில் டீசல் மாறியது எங்களுக்குக் கண்ணில் படவில்லை. இன்ஜின் மாறியதுதான் பட்டது. பழைய நாஸில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறக்கும். புது இன்ஜினின் காமன் ரெயில் குழாயில் 1,600 பார், சிலவற்றில் 2,000. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒன்றரை டன்னுக்கு மேல் ஏற்றியது போல.

பழைய இன்ஜினில் எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. வண்டி ஓடும்போதே நாஸில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லூஸ் செய்வோம். நட்டைத் தளர்த்தியதும் இன்ஜின் இன்னும் தடுமாறினால் அந்த சிலிண்டர் நல்லது. எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். விரலில் டீசல் தெறிக்கும், பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொள்வோம். நாமக்கல் முழுக்க எல்லாப் பையன்களும் கற்றுக்கொண்ட முதல் வித்தை அது.

பிஎஸ்-4 வந்த புதிதில் வேறொரு பட்டறையிலிருந்து ஒரு பையன் என்னிடம் சேர்ந்தான். நல்ல கைக்காரன். ஒரு நாள் புது பிக்கப் வண்டி மிஸ் ஆகிறதென்று வந்தது. நான் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அவன் 17-ஆம் நம்பர் ஸ்பேனரோடு குனிந்து ரெயில் பைப் நட்டில் அதைப் போடுவதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். என் தொண்டையிலிருந்து வந்தது அண்ணாவின் சொல்தான். ஆனால் அவர் குரலில் இல்லை. தெரு முழுக்கக் கேட்டதாம். பையன் ஸ்பேனரைத் தவறவிட்டுப் பின்னால் போய் விழுந்தான்.

கொஞ்ச நாள் முன்னால்தான் ஒரு பயிற்சி வகுப்பில் படம் காட்டியிருந்தார்கள். அந்த அழுத்தத்தில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போல் ஒரு புள்ளி. வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே டீசல் சதை நெடுகப் பரவி அழுகும். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். லீக் எங்கே என்று விரலால் தடவிப் பார்ப்பது எங்கள் ஜாதகத்திலேயே எழுதிய பழக்கம். அதை மறக்க எனக்கே ஒரு வருடம் ஆயிற்று. இப்போது ஓடும் இன்ஜினின் சைலன்ஸர் மேனிஃபோல்டில் துப்பாக்கி மாதிரி உள்ள வெப்பமானியை நீட்டுவோம். எந்த வாய் மட்டும் சூடில்லாமல் இருக்கிறதோ, அந்த சிலிண்டர். லீக்கைத் தேட அட்டைத் துண்டு.

புது வண்டிகளின் சங்கடம் பெரும்பாதி இன்ஜினில் இல்லை என்பேன். பாடிக்கு வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்ற மறந்தார்கள் என்று ஒரு டிப்பரை இழுத்து வந்தார்கள். கம்ப்யூட்டர் பெட்டி செத்துவிட்டது. இதே ஊரில் எத்தனையோ ஆயிரம் லாரிகளுக்கு வெல்டிங் வைத்த கைகள்தான் அவை. பழைய வண்டியில் அதனால் ஒன்றும் ஆனதில்லை. வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் எலி வயரிங்கைக் கடித்துவிட்டுப் போகும், வயர் ஒன்றோடு ஒன்று உரசி ஸ்கேனரில் சம்பந்தமில்லாத நாலு எரர் கோடு காட்டும். குட்டியானை போன்ற சின்ன வண்டிகளில் இன்ஜின் சீட்டுக்கு அடியில். அங்கே வலது கை போனால் இடது கைக்கு இடமில்லை. குனிந்து குனிந்தே எனக்கு முதுகு போனது.

யூரியா கதை தனி. சைலன்ஸரில் நச்சுப் புகையை முறிக்க, யூரியா 32.5 சதவீதமும் மிச்சம் சுத்திகரித்த தண்ணீருமாகக் கலந்த திரவத்தை ஊற்ற வேண்டும். அதற்குத் தனி டேங்க், நீல மூடி. செலவைக் குறைக்க ஒரு முதலாளி தோட்டத்துக்கு வாங்கிய யூரியா மூட்டையைப் பிரித்து, போர்த் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டார். நம் ஊர் உர யூரியா முழுக்க 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியது. எண்ணெய்ப் படலம், போர்த் தண்ணீரின் உப்பு, உரத்தின் கசடு எல்லாம் போய் பீய்ச்சும் குழாயில் உறைந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் உப்பளத்தில் கிடப்பது போல வெள்ளை வெள்ளையாக. யூரியா மட்டும் என்றால் வெந்நீரில் போட்டால் கரைந்துவிடும். இது கரையவில்லை. வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து வந்து சேர்ந்தது. “விவசாயத்துக்கு ஆகுது, வண்டிக்கு ஆகாதுங்களா?” என்று அவர் கேட்டார். பருத்திக்குப் போடுகிற உரத்தைப் பாலில் போட்டுக் குடிப்பீர்களா என்று கேட்க வாய்வரை வந்தது. மாதாந்திர டியூ கட்டுகிறவர், நாலு நாள் வண்டி நின்றால் அவர் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

இப்போது என் கதை. 2021-இல் நடந்தது. கோழிப்பண்ணையிலிருந்து முட்டை ஏற்றுகிற பிக்கப். ஓட்டுபவரே சொந்தக்காரர். ஒரு மணி நேரம் ஓடினால் இழுவை குறைந்து நின்றுவிடும். பத்து நிமிடம் விட்டால் ஸ்டார்ட் ஆகி ஒன்றும் நடக்காதது போல ஓடும். நான் ஸ்கேனர் வாங்கிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மாட்டினேன், பி 0087 என்று வந்தது. ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். இன்ஜெக்டர் ரிட்டர்ன் டீசலை பாட்டிலில் பிடித்து அளந்தேன், இரண்டில் கொஞ்சம் அதிகம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு இன்ஜெக்டர் மாற்றினேன். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு எண் பொறித்திருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் அது சரியான அளவு பீய்ச்சும். அதையும் பிசகாமல் ஏற்றினேன். அவர் அடுத்த மாத டியூவை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஐந்தாம் நாள் வண்டி பரமத்தி வேலூர் பக்கத்தில் மறுபடி நின்றது. பம்பைச் சந்தேகப்பட்டேன். அதைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தபோது அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அண்ணா, நின்ன உடனே டேங்க் மூடியைத் திறந்தா புஸ்ஸுனு ஒரு சத்தம் வருதுங்க. காத்தை உள்ள இழுக்கற மாதிரி. அன்னைக்கே சொன்னனுங்களே.”

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன டியூப் உண்டு. அதன் வாயில் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டியிருந்தது. காற்று போக வழியில்லாமல் டேங்க் பம்போடு இழுபறி நடத்தியிருக்கிறது. பத்து நிமிடம் நின்றால் எங்கோ கசிந்து கொஞ்சம் காற்று போகும், வண்டி ஓடும். கட்டுக்கம்பியால் குத்தி, கம்ப்ரசர் காற்றை அடித்தேன். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு நிமிட வேலை.

இன்ஜெக்டர் பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், கூலி முழுவதையும். மீதியையும் கொடுத்திருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னார்கள். கழற்றிய அந்த இரண்டு இன்ஜெக்டரும் டூல்ஸ் பெட்டியில்தான் இருக்கின்றன. பிறகு டெஸ்டிங் கொடுத்துப் பார்த்தேன், இன்னும் வருடக்கணக்கில் ஓடியிருக்கும்.

அவர் இன்னும் என்னிடம்தான் வருகிறார். வண்டிக்கு என்ன கோளாறாக இருந்தாலும் சரி, ஆயில் மாற்ற வந்தாலும் சரி, நிறுத்தியதும் நேராக டேங்க் பக்கம் போவார். மூடியைத் திறந்து, சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “இன்னைக்கு இது இல்லீங்க” என்று சிரித்துக்கொண்டே மூடுவார். பிறகுதான் பெஞ்சில் வந்து உட்காருவார். நான் டீ சொல்வேன்.